மோட்டார் பெட்டிக்குள் ஒரு கால அட்டவணை

பரங்கிப்பேட்டை, கிள்ளைப் பக்கம் இறால் குட்டை வைத்திருப்பவர்களுக்கு நள்ளிரவு தாண்டினால்தான் கவலை ஆரம்பிக்கும். விடிவதற்கு முன்பு தண்ணீரில் ஆக்சிஜன் மிகவும் குறைந்துவிடும், அந்த நேரம் பார்த்து ஏரேட்டர் மோட்டார் நின்றுபோனால் மாதக்கணக்கில் வளர்த்த இறால் காலைக்குள் செத்துவிடும். சரி, மோட்டார் நிற்காமல் ஓடினால் போதுமா என்றால் அதுவும் இல்லை. மூன்று பேஸில் ஒன்று போன பிறகும் ஓடிக்கொண்டிருந்தால் காயில் கருகிவிடும். இந்த இரண்டு ஆபத்துக்கும் நடுவில் முடிவெடுப்பது ஸ்டார்ட்டர் பெட்டிக்குள் இருக்கும் உள்ளங்கை அளவு எலெக்ட்ரானிக் போர்டு. மூன்று பேஸின் கரண்டையும் அளந்து, கணக்குப் போட்டு, தேவைப்பட்டால் மோட்டாருக்குக் கரண்ட் கொடுக்கும் சுவிட்சான கான்டாக்டரை விடுவித்து, முதலாளியின் செல்போனுக்கு எஸ்.எம்.எஸ். அனுப்பும். பண்ருட்டிப் பக்கம் தோப்புகளில் போர்வெல்லுக்கு மாட்டுகிறார்களே செல்போன் ஸ்டார்ட்டர், அதுவும் ஏறக்குறைய இதே சரக்குதான்.

அந்த போர்டில் இருப்பது பெரும்பாலும் ஒரே ஒரு மைக்ரோகன்ட்ரோலர், அதாவது ஒரு சின்னக் கம்ப்யூட்டர் சிப், அதனால் ஒரு நேரத்தில் ஒரு வேலைதான் செய்ய முடியும். ஆனால் அதன் தலையில் நாலு வேலை: கரண்ட் அளப்பது, அளந்ததை வைத்து ட்ரிப் செய்வதா (மோட்டாரை நிறுத்துவதா) வேண்டாமா என்று முடிவெடுப்பது, பட்டனையும் டிஸ்பிளேவையும் கவனிப்பது, எஸ்.எம்.எஸ். அனுப்பும் ஜிஎஸ்எம் மாட்யூலோடு, அதாவது மோடமோடு, பேசுவது. எதை எப்போது ஓட்டுவது என்று தீர்மானிப்பதுதான் ஷெட்யூலிங். புதுச்சேரியிலும் கடலூரிலும் கடைசி ஆண்டு மாணவர்கள் செய்யும் எம்பெடட் ப்ராஜெக்ட் பலவற்றில் இதைப் பற்றி ஒரு பக்கம்கூட இருக்காது. ஒரு லூப், நடுவில் ஒரு டிலே, மேஜையில் வைத்துக் கொஞ்ச நேரம் ஓடினால் போதும், ரிப்போர்ட் பைண்டிங்குக்குப் போய்விடும். எனக்கு இதில் உண்மையான வருத்தம் உண்டு, ஏனென்றால் நேரம் சம்பந்தப்பட்ட தப்பு மேஜையில் தெரியவே தெரியாது, இரண்டு மூன்று வேலைகள் ஒரே நொடித்துளியில் வந்து விழும்போதுதான் அது வெளியே வரும், அந்த நொடித்துளி நம் கண்முன்னால் வர வேண்டும் என்று கட்டாயம் இல்லை. ஓட்டிப் பார்ப்பதற்கு முன்பே காகிதத்தில் சரிபார்க்க முடிகிற மாதிரி டிசைன் செய்ய வேண்டும். அதற்கு மிகவும் வசதியான வழி டைம் ட்ரிகர் ஷெட்யூலிங் என்பது என் கட்சி.

கடலூர் பஸ் ஸ்டாண்டிலிருந்து புதுச்சேரி போகிற தனியார் பஸ்ஸுக்கு டைமிங் உண்டு. ஆள் ஏறினாலும் ஏறாவிட்டாலும் அந்த நிமிடம் வந்தால் எடுத்தாக வேண்டும், இல்லையென்றால் அடுத்த டைமிங்காரர் சண்டைக்கு வந்துவிடுவார். ஷேர் ஆட்டோவுக்கு டைமிங் கிடையாது, ஆள் நிரம்பினால் கிளம்பும். முதலாவது டைம் ட்ரிகர், இரண்டாவது ஈவன்ட் ட்ரிகர். சிப்புக்குள் இதற்கு என்ன அர்த்தம் என்றால், ஈவன்ட் ட்ரிகர் முறையில் பட்டன், மோடம், சென்சார் என்று யார் வேண்டுமானாலும் இன்டரப்ட் கொடுத்து ஓடுகிற வேலையை நிறுத்தலாம். டைம் ட்ரிகர் முறையில் இன்டரப்ட் கொடுக்க ஒரே ஒருவருக்குத்தான் அனுமதி, அது டைமர். மற்ற எல்லாவற்றையும் குறித்த நேரத்தில் போர்டுதான் போய்ப் பார்த்துக்கொள்ளும்.

இப்போது மாடலுக்கு வருவோம். மாடல் என்றவுடன் பெரிய சாஃப்ட்வேர் எதுவும் தேவைப்படும் என்று நினைக்க வேண்டாம், ஆரம்பம் ஒரு காகிதம்தான். ஒவ்வொரு டாஸ்க்குக்கும், அதாவது வேலைக்கும், நாலு எண் எழுத வேண்டும்: எவ்வளவு நேரத்துக்கு ஒரு தடவை ஓட வேண்டும் என்ற பீரியட், முதல் ஓட்டம் எப்போது என்ற ஆஃப்செட், மிக மோசமான நிலையில் எவ்வளவு நேரம் எடுக்கும் என்பது, அப்புறம் எதற்குள் முடிய வேண்டும் என்ற டெட்லைன். நம் மோட்டார் பெட்டிக்கு உதாரணமாக இப்படி வைத்துக்கொள்வோம். கரண்டை அளந்து சாம்பிள் எடுக்கும் டாஸ்க் 2 மில்லிசெகண்டுக்கு ஒரு தடவை, எடுக்கும் நேரம் 0.4 மில்லிசெகண்ட். ட்ரிப் முடிவு 20 மில்லிசெகண்டுக்கு ஒரு தடவை, 1.2. டிஸ்பிளே 50-க்கு ஒரு தடவை, 1.5. ஜிஎஸ்எம் வேலை 100-க்கு ஒரு தடவை, 6. டெட்லைன் எல்லாவற்றுக்கும் அதனதன் பீரியடே.

2 மில்லிசெகண்ட் என்பது சும்மா எடுத்த எண் இல்லை. நம் ஊர் கரண்ட் 50 ஹெர்ட்ஸ், ஒரு சுழற்சி 20 மில்லிசெகண்ட், 2 மில்லிசெகண்டுக்கு ஒன்று என்றால் சுழற்சிக்குச் சரியாக 10 சாம்பிள் கிடைக்கும், அந்தப் பத்தையும் வைத்து ஆர்எம்எஸ் மதிப்பை, அதாவது ஏறி இறங்கும் கரண்டின் பயனுறு அளவை, கணக்கிடலாம். ஆர்டுயினோ யூனோ போர்டில் இருக்கும் ஏடிமெகா 328பி சிப்பில் வழக்கமான செட்டிங்கில் ஒரு அளவீட்டுக்கு ஏறத்தாழ 104 மைக்ரோசெகண்ட் ஆகும், மூன்று பேஸுக்கும் சேர்த்து 0.31 மில்லிசெகண்ட், மிச்ச வேலைக்குக் கொஞ்சம் விட்டு 0.4.

மொத்த சுமையைக் கூட்டினால் 20 சதவீதம், 6, 3, 6 என்று 35 சதவீதம்தான். மூன்றில் இரண்டு பங்கு நேரம் சிப் சும்மா இருக்கிறது, பிறகு என்ன பிரச்சினை என்று தோன்றும். இங்கேதான் பலரும் ஏமாறுவது. எல்லா டாஸ்க்குக்கும் ஆஃப்செட் பூஜ்யம் என்று விட்டுவிட்டு, டைமரின் டிக் எண்ணிக்கையை வகுத்து மீதி பூஜ்யமா என்று பார்த்து ஒவ்வொன்றாகக் கூப்பிடுகிற புரோகிராம் கோடை எடுத்துக்கொள்ளுங்கள். 20, 50, 100 மூன்றும் 100 மில்லிசெகண்டுக்கு ஒரு தடவை ஒன்றாக வந்து விழும். அந்தத் தடவை 0.4, 1.2, 1.5, 6 நான்கும் வரிசையாக ஓடி முடிய 9.1 மில்லிசெகண்ட் ஆகும், அதற்குள் 2, 4, 6, 8-ஆவது மில்லிசெகண்டில் எடுத்திருக்க வேண்டிய நாலு சாம்பிள் தவறிவிடும். சுழற்சிக்குப் பத்தில் நாலு போச்சு, அதுவும் வினாடிக்குப் பத்து தடவை. போர்டு நிற்காது, டிஸ்பிளே ஓடும், எஸ்.எம்.எஸ். போகும், கரண்ட் மட்டும் ஒவ்வொரு நேரத்துக்கு ஒவ்வொரு மாதிரி காட்டும். பிறகு சென்சாரைக் குறை சொல்லிக்கொண்டு சென்சார் மாற்றுவார்கள்.

சாம்பிள் தவறாமல் கொஞ்சம் தாமதமாக எடுத்தால் என்ன ஆகும்? 50 ஹெர்ட்ஸில் 1 மில்லிசெகண்ட் என்பது 18 டிகிரி. அலை பூஜ்யத்தைக் கடக்கும் இடத்தில் 1 மில்லிசெகண்ட் தள்ளி அளந்தால் உச்ச மதிப்பில் 31 சதவீதம் பிழை வரும், 0.1 மில்லிசெகண்ட் தள்ளினாலே 3 சதவீதம். இந்தத் தாமதம் தடவைக்குத் தடவை மாறிக்கொண்டே இருப்பதைத்தான் ஜிட்டர் என்கிறோம், கன்ட்ரோல் வேலையில் எனக்கு டெட்லைனைவிட இதன் மேல்தான் கண். மாறாத தாமதத்தைக் கணக்கில் கழித்துவிடலாம். மூன்று பேஸையும் ஒன்றன்பின் ஒன்றாக அளப்பதால் இரண்டாவது பேஸ் எப்போதும் 0.104 மில்லிசெகண்ட் பின்தங்கும், அது எப்போதும் 1.87 டிகிரி, சூத்திரத்தில் சரிசெய்துவிடலாம். ஒரு தடவை 0.1, இன்னொரு தடவை 1.3 என்று ஆடினால் எதைக் கழிப்பது?

சரி, அட்டவணையை எப்படிப் போடுவது. நான்கு பீரியடுகளின் மீச்சிறு பொது மடங்கு 100. ஆக 100 மில்லிசெகண்டுக்கு ஒரு தடவை எல்லாம் அப்படியே திரும்ப வரும், இதை மேஜர் சைக்கிள் என்பார்கள். அந்த 100-ஐச் சமமான சின்ன ஃப்ரேம்களாக வெட்ட வேண்டும். ஃப்ரேமின் நீளத்துக்கு மூன்று நிபந்தனை உண்டு. மிக நீளமான டாஸ்க்கும் ஒரு ஃப்ரேமுக்குள் அடங்க வேண்டும். ஃப்ரேம் மேஜர் சைக்கிளை மீதியில்லாமல் வகுக்க வேண்டும். மூன்றாவதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள்: ஒரு டாஸ்க் தயாராகும் நேரத்துக்கும் அதன் டெட்லைனுக்கும் நடுவில் குறைந்தது ஒரு முழு ஃப்ரேமாவது இருக்க வேண்டும். கணக்காகச் சொன்னால் ஃப்ரேமை இரண்டால் பெருக்கி, ஃப்ரேமுக்கும் பீரியடுக்கும் உள்ள மீப்பெரு பொது வகுத்தியைக் கழித்தால் வருவது டெட்லைனைத் தாண்டக் கூடாது.

சாம்பிள் டாஸ்க்குக்கு 2 மில்லிசெகண்ட் ஃப்ரேமைப் போட்டுப் பாருங்கள்: 4-லிருந்து 2 போக 2, டெட்லைனும் 2, சரியாக இருக்கிறது. 4 மில்லிசெகண்ட் ஃப்ரேம் என்றால் 8-லிருந்து 2 போக 6, ஒத்துவராது. ஆக ஃப்ரேம் 2, மேஜர் சைக்கிளில் 50 ஃப்ரேம். ஆனால் முதல் நிபந்தனையில் ஜிஎஸ்எம் இடிக்கிறது, 6 எப்படி 2-க்குள் அடங்கும்? அடங்காது, அதை 1.5 வீதம் நாலு துண்டாக வெட்ட வேண்டும். இதுதான் இந்த முறையில் வேலை அதிகமான இடம். மோடமுக்குக் கட்டளை அனுப்பிவிட்டு பதில் வரும் வரை அங்கேயே நிற்கிற கோடை, எங்கே நிறுத்தினோம் என்று நினைவில் வைத்துக்கொண்டு அடுத்த தடவை அங்கிருந்து தொடரும் ஸ்டேட் மெஷினாகத் திருப்பி எழுத வேண்டும். சலிப்பான வேலைதான், ஆனால் எழுதி முடித்த பிறகு கோடு முன்பைவிடத் தெளிவாக இருக்கும்.

அட்டவணை இப்படி வரும்: எல்லா ஃப்ரேமிலும் முதலில் சாம்பிள். ட்ரிப் முடிவு 0, 10, 20, 30, 40-ஆவது ஃப்ரேம்களில். டிஸ்பிளே 1-லும் 26-லும். ஜிஎஸ்எம் துண்டுகள் 12 முதல் 15 வரை. அதிகச் சுமை உள்ள ஃப்ரேமில் 0.4-ம் 1.5-ம் சேர்ந்து 1.9, இரண்டுக்குள் அடங்கிவிட்டது. எதுவும் எதோடும் மோதவில்லை என்பதை ஐம்பது வரியைக் கண்ணால் பார்த்தே சொல்லிவிடலாம், அந்த ஐம்பது வரி சரியென்றால் போர்டு ஒரு வருடம் ஓடினாலும் அதே ஐம்பதுதான் திரும்பத் திரும்ப வரும். எனக்கு இந்த முறையில் மிகவும் பிடித்த விஷயம் இது. பீரியடுகளை மட்டும் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். 7, 11, 13, 17 என்று வைத்தால் மேஜர் சைக்கிள் 17,017 மில்லிசெகண்ட் ஆகிவிடும், அதை யார் கண்ணால் பார்ப்பது.

இதே நாலு டாஸ்க்கையும் துண்டு போடாமல், முன்னுரிமை கொடுத்து, முக்கியமானது வந்தால் மற்றதைப் பாதியில் நிறுத்தும் ஆர்டாஸ் (நேரம் பார்த்து டாஸ்க்குகளை ஓட்டும் ஆபரேட்டிங் சிஸ்டம்) ஒன்றில் ஓட்டலாமே என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி, அதற்கும் உறுதியான கணிதம் இருக்கிறது. 1973-ல் லியூ, லேலண்ட் என்ற ஆராய்ச்சியாளர்கள் காட்டியது, பீரியட் குறைவான டாஸ்க்குக்கு அதிக முன்னுரிமை என்று வைத்தால், மொத்தச் சுமை ஓர் எல்லைக்குள் இருக்கும் வரை எந்த டெட்லைனும் தவறாது என்பது. நாலு டாஸ்க்குக்கு அந்த எல்லை ஏறத்தாழ 76 சதவீதம், டாஸ்க் எவ்வளவு கூடினாலும் 69-க்குக் கீழே போகாது. நம் சுமை 35 என்பதால் பாஸ். இன்னும் துல்லியமாக, ஒவ்வொரு டாஸ்க்கும் மோசமான நிலையில் எப்போது முடியும் என்று கணக்கிடும் முறையை 1986-ல் வெளியிட்டவர்கள் மத்தாய் ஜோசப், பரிதோஷ் பாண்டியா, இருவருமே மும்பை டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் பணியாற்றியவர்கள். அந்தக் கணக்கைப் போட்டால் ஜிஎஸ்எம் டாஸ்க் 11.1 மில்லிசெகண்டில் முடிந்துவிடும், டெட்லைன் 100.

பிறகு ஏன் அட்டவணை? பாதியில் நிறுத்தப்படும் டாஸ்க்குகள் ஒரே டேட்டாவைத் தொடும்போது சிக்கல் வரும் என்பதால். ட்ரிப் டாஸ்க் பத்து சாம்பிளைப் படித்துக்கொண்டிருக்கும் நடுவில் சாம்பிள் டாஸ்க் புகுந்து ஒன்றை மாற்றி எழுதினால் கணக்கு கெடும், அதைத் தடுக்க, ஒரு நேரத்தில் ஒரு டாஸ்க்கை மட்டும் டேட்டாவைத் தொடவிடும் லாக் போட வேண்டும், லாக் போட்டால் புதிதாக ஒரு தாமதம் முளைக்கும். 1997 ஜூலையில் செவ்வாயில் இறங்கிய பாத்ஃபைண்டர் விண்கலம் திரும்பத் திரும்ப ரீசெட் ஆனது இதனால்தான். முன்னுரிமை குறைந்த டாஸ்க் ஒன்று லாக்கைப் பிடித்திருக்க, நடுத்தர டாஸ்க் அதை ஓடவிடாமல் செய்ய, மிக முக்கியமான டாஸ்க் காத்துக் கிடந்தது, வேலை நின்றுபோனதா என்று கண்காணிக்கும் வாட்ச்டாக் ரீசெட் செய்துவிட்டது. லாக்கில் முன்னுரிமையைக் கடன் கொடுக்கும் வசதியை பூமியிலிருந்தே ஆன் செய்து சரிசெய்தார்கள். அட்டவணையில் இந்த லாக்கே தேவைப்படாது, சாம்பிள் முடிந்த பிறகுதான் ட்ரிப் என்று வரிசையே அங்கு எழுதப்பட்டிருக்கிறது.

ஆனால் மேஜையில் தெரியாது என்று நான் சொன்னதற்கு இதைவிட நல்ல சாட்சி 1981 ஏப்ரல் 10. அன்றைக்கு அமெரிக்காவின் முதல் ஸ்பேஸ் ஷட்டில் கிளம்ப வேண்டியது, கிளம்பவில்லை. அதில் நாலு முதன்மைக் கம்ப்யூட்டர்கள், தனியாக எழுதிய சாஃப்ட்வேரோடு ஐந்தாவதாக ஒரு பேக்கப். முதன்மை சாஃப்ட்வேர் முன்னுரிமை முறையில் ஓடுவது, பேக்கப் நிலையான நேரத் துண்டுகளில் ஓடுவது. இரண்டும் ஒரே டேட்டாவைக் கேட்டுக்கொண்டே கூடவே போக வேண்டும், ஆனால் அன்று பேக்கப்பால் முதன்மையோடு நேரத்தை ஒத்துப்போகச் செய்யவே முடியவில்லை. முதன்மைக் கம்ப்யூட்டர்களை ஆன் செய்த அந்தத் தருணத்திலேயே சில வேலைகள் மற்றவற்றோடு ஒப்பிட ஒரு சுழற்சி முன்னதாக ஆரம்பித்துவிட்டன. பல மாதங்களுக்கு முன்பு செய்த சாதாரணமான கோடு மாற்றங்கள் அதற்கு வழி திறந்துவிட்டிருந்தன, அதுவும் ஆன் செய்யும் தருணத்தைப் பொறுத்து 67-ல் ஒரு தடவைதான் நடக்கும். ஆஃப் செய்து ஆன் செய்தால் சரியாகிவிடும், அதனால்தான் அத்தனை டெஸ்ட்டிலும் யார் கண்ணிலும் படவில்லை. ஏப்ரல் 12 அன்று ஷட்டில் பறந்தது. மனித உயிர் போகும் வண்டிக்கு அவ்வளவு பேர் உட்கார்ந்து டெஸ்ட் செய்தே தப்பிப்போன விஷயத்தை, நாம் பத்து நிமிடம் ஓட்டிப் பார்த்துப் பிடித்துவிடுவோமா?

மாடலில் எழுதிய எண்கள் பொய்யாக இருந்தால் அட்டவணையும் பொய்தான். அதில் அதிகம் பொய் சொல்வது மோசமான நிலை நேரம். பத்து தடவை ஓட்டி அதில் பெரியதை எடுத்து எழுதுவார்கள், அது நாம் பார்த்ததில் மோசமானதே தவிர இருப்பதில் மோசமானது ஆகாது. ஏடிமெகா மாதிரி கேஷ் (அடிக்கடி தேவைப்படுவதை வைக்கும் வேக நினைவகம்) இல்லாத சிப்பில் கட்டளைகளை எண்ணியே ஓரளவு சரியாகச் சொல்லிவிடலாம், ஆனால் ட்ரிப் ஆன நேரத்தை, கரண்ட் போனாலும் அழியாத ஈஈப்ராம் நினைவகத்தில் பதிவு செய்கிறேன் என்று ஒரு வரி சேர்த்தால் ஒரு பைட் எழுதவே 3 மில்லிசெகண்டுக்கு மேல் ஆகும், அது முடியும் வரை கோடு காத்திருந்தால் ஒன்றரை ஃப்ரேம் காலி. அதுவும் ட்ரிப் ஆகும்போது மட்டும் ஓடும் வரி, அதாவது மேஜையில் ஓடவே ஓடாத வரி. ஈஎஸ்பி 32 மாதிரி சிப்பில் கோடு ஃப்ளாஷ் நினைவகத்திலிருந்து கேஷ் வழியாக வருகிறது, ஃப்ளாஷில் எதையாவது எழுதும்போது அந்தக் கேஷ் நிறுத்தப்படும், அவ்வளவு நேரமும் ஃப்ளாஷில் இருக்கும் கோடு ஓடாது. வேகமான சிப் வாங்கினால் நேரப் பிரச்சினை தீர்ந்துவிடும் என்று நம்புகிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

மோடம் அனுப்பும் எழுத்துகளையும் இந்தக் கணக்கில் சேருங்கள். நமக்கு டைமர் தவிர வேறு இன்டரப்ட் கிடையாது, அந்த எழுத்துகள் வந்து சேரும் யுஆர்ட்டை ஃப்ரேமுக்கு ஒரு தடவைதான் எட்டிப் பார்ப்போம். வினாடிக்கு 9600 பிட் வேகத்தில் 2 மில்லிசெகண்டுக்கு இரண்டு எழுத்துக்குள்தான் வரும், ஏடிமெகாவின் வன்பொருள் பஃபர் அதைத் தாங்கும். 115200 என்று வைத்தால் அதே நேரத்தில் 23 எழுத்து வந்து கொட்டும், பெரும்பாலானவை தொலைந்துபோகும். வரும் டேட்டாவை ப்ராசஸரைத் தொந்தரவு செய்யாமல் தானே நினைவகத்தில் சேர்க்கும் டிஎம்ஏ வசதி இருக்கும் சிப் இல்லையென்றால் வேகத்தைக் குறைத்து வைப்பதே உத்தமம்.

அடுத்தது கிளாக். ஃப்ரீஆர்டாஸ் என்ற ஆர்டாஸில் வேலை செய்கிறவர்கள் பீரியட் டாஸ்க்குக்கு வி டாஸ்க் டிலே போடுவதை இன்னும் பார்க்கிறேன். அது கூப்பிட்ட நேரத்திலிருந்து எண்ணும், டாஸ்க் ஓடிய நேரமும் சேர்ந்து ஒவ்வொரு சுற்றும் தள்ளிக்கொண்டே போகும். வி டாஸ்க் டிலே அன்டில் போட்டால் முன்பு எழுந்த நேரத்திலிருந்து எண்ணும், தள்ளாது. அப்புறம் போர்டு ஆன் ஆனதிலிருந்து மில்லிசெகண்டை எண்ணும் ஆர்டுயினோவின் மில்லிஸ் கணக்கு 32 பிட், 49.7 நாளில் பூஜ்யத்துக்குத் திரும்பிவிடும். ஒரு போக இறால் மூன்று நாலு மாதம் என்பதால், குட்டையில் நிற்காமல் ஓடும் போர்டு இதை ஒவ்வொரு போகத்திலும் சந்தித்தே தீரும். நேரத்தைக் கழித்து ஒப்பிட்டால் பிரச்சினை இல்லை, கூட்டி ஒப்பிட்டால் அந்த ஒரு ராத்திரி என்ன ஆகும் என்று சொல்ல முடியாது.

மாடலில் வெளி உலகமும் ஒரு பாத்திரம். 20 மில்லிசெகண்டில் ஒரு சுழற்சி முடியும் என்று நாம் எழுதியிருப்பது கிரிட்டை நம்பி, இந்தியக் கிரிட்டுக்கு விதித்திருக்கும் அளவு 49.90 முதல் 50.05 ஹெர்ட்ஸ், அது வரைக்கும் நம் கணக்கு நிற்கும். கரண்ட் போய் ஜெனரேட்டர் ஓடும்போது? சுமை ஏறி ஜெனரேட்டர் 48 ஹெர்ட்ஸுக்கு இறங்கினால் ஒரு சுழற்சி 20.83 மில்லிசெகண்ட், நம் பத்து சாம்பிள் ஒரு முழுச் சுழற்சியை மூடாது, ஆர்எம்எஸ் மதிப்பு 2 சதவீதம் வரை மேலும் கீழும் ஆடும். ட்ரிப் எல்லையை 1 சதவீத நுணுக்கத்தில் வைத்திருந்தால் ஜெனரேட்டர் ஓடும்போதெல்லாம் தேவையில்லாமல் ட்ரிப் ஆகும். ஷெட்யூலில் ஒரு தப்பும் இல்லை, மாடல் செய்தவர் ஜெனரேட்டரை நினைக்கவில்லை, அவ்வளவுதான்.

கையால் போட்ட அட்டவணை போதாத இடமும் வரும். டாஸ்க் 0.9-லும் முடியலாம் 1.2-லும் முடியலாம், மோடம் பதில் தரலாம் தராமலும் போகலாம் என்று வழிகள் பெருகும்போது டைம்டு ஆட்டோமேட்டா என்ற மாடல் உதவும். 1990-களின் தொடக்கத்தில் ராஜீவ் ஆலூரும் டேவிட் டில்லும் கொடுத்தது இது: சாதாரண ஸ்டேட் மெஷினோடு, ஓடிக்கொண்டே இருக்கும் கிளாக் மாறிகளைச் சேர்த்தால் வருவது. இந்த நிலையில் இவ்வளவு நேரத்துக்கு மேல் இருக்க முடியாது, இந்தக் கிளாக் இவ்வளவு ஆனால்தான் அடுத்ததற்குப் போகலாம் என்று எழுதிவிட்டு, 'ஃப்ரேம் தாண்டிவிட்டது' என்று ஒரு மோசமான நிலையையும் வரைந்து, அதற்குப் போக எந்த வழியாவது இருக்கிறதா என்று கேட்கலாம். சுவீடனின் உப்சாலாவிலும் டென்மார்க்கின் ஆல்போர்கிலும் சேர்ந்து உருவாக்கிய உப்பால் என்ற கருவி எல்லா வழிகளையும் தேடிப் பார்த்து, இருந்தால் அந்த வழியை அப்படியே காட்டும். டைம் ட்ரிகர் டிசைனுக்கு இங்கே ஒரு பெரிய சலுகை உண்டு. டாஸ்க்கைப் பாதியில் நிறுத்தித் தொடரும் முறையை அப்படியே மாடல் செய்தால் நின்று நின்று ஓடும் ஸ்டாப்வாட்ச் தேவைப்படும், ஸ்டாப்வாட்ச் வைத்த ஆட்டோமேட்டாவில் பொதுவாக இந்தக் கேள்விக்கு விடை கண்டுபிடிக்கும் அல்காரிதமே கிடையாது என்பது நிரூபிக்கப்பட்ட விஷயம். ஆரம்பித்தால் முடியும் வரை ஓடும் நம் டாஸ்க்குகளுக்குச் சாதாரணக் கிளாக்கே போதும்.

முடிவு எப்போது வெளியே போகிறது என்பதும் மாடலில் இருக்க வேண்டும். பெர்க்லியில் ஹென்சிங்கர் குழுவினர் 2001 வாக்கில் ஜியோட்டோ என்ற மொழியில் கொண்டுவந்த யோசனை, டாஸ்க் சீக்கிரம் முடிந்தாலும் விடையைக் கையில் வைத்துக்கொண்டு, குறித்த நேரத்தில்தான் வெளியே விட வேண்டும் என்பது. இப்போது கார்களுக்கான ஆட்டோசார் என்ற சாஃப்ட்வேர் தரநிலையிலும் இது வந்துவிட்டது. நம் பெட்டியில் இதைச் செய்வது ரொம்ப சுலபம், கான்டாக்டரை விடுவிக்கும் ரிலேக்கான சிப்பின் பின்னை அடுத்த ஃப்ரேமின் தொடக்கத்தில் மட்டும் எழுதுங்கள். அப்புறம் பிழை நடந்ததிலிருந்து ரிலே வரை எவ்வளவு நேரம் என்பதைக் கூட்டியே சொல்லிவிடலாம்: பாதியில் பிழை வந்த ஒரு சுழற்சி 20, முழுதாகப் பிழையைப் பார்த்த அடுத்த சுழற்சி 20, அதன் பிறகு வரும் ஃப்ரேம் 2, மோசமான நிலையில் 42 மில்லிசெகண்ட். கான்டாக்டர் விழும் நேரம் தனி. காயிலைக் காப்பாற்ற இது தாராளம்.

ஒரு போர்டு பத்து போர்டானால், அதாவது ஒவ்வொரு குட்டைக்கும் ஒன்று வைத்து ஒரே ஒயரில் இணைத்தால், யார் எப்போது பேசுவது என்பதற்கும் அட்டவணை வேண்டும். சிப்புக்கு நேரம் கொடுக்கும் சாதாரண கிரிஸ்டல் 50 பிபிஎம் (பத்து லட்சத்தில் 50 பங்கு) அளவு விலகலாம், ஒன்று வேகமாகவும் ஒன்று மெதுவாகவும் இருந்தால் வித்தியாசம் 100 பிபிஎம், 20 வினாடியில் 2 மில்லிசெகண்ட், ஒரு முழு ஃப்ரேம். ஆகவே அடிக்கடி கிளாக்கை ஒத்துவைக்க வேண்டும். வியன்னா தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் ஹெர்மன் கோபெட்ஸ் வாழ்நாள் முழுக்கச் செய்த வேலை இதைச் சுற்றித்தான், டிடிபி என்ற நெறிமுறை அங்கிருந்து வந்தது. 2006-ல் பிஎம்டபிள்யூ எக்ஸ்5 காரில் முதலில் வந்த ஃப்ளெக்ஸ்ரே என்ற நெட்வொர்க்கில் ஒவ்வொரு சுழற்சியிலும் ஒரு பகுதி அட்டவணைப்படி, இன்னொரு பகுதி தேவைப்பட்டவர் பேச. இந்தக் கலப்பு எனக்கு நியாயமாகவே படுகிறது.

ஏனென்றால் அட்டவணைக்கு விலை உண்டு. எல்லாவற்றையும் முன்பே தெரிந்துவைத்திருக்க வேண்டும், ஒரு டாஸ்க் கூடினால் முழுவதையும் திரும்பப் போட வேண்டும், எப்போதாவது வரும் விஷயத்துக்காகவும் ஃப்ரேமில் இடம் ஒதுக்கி வைக்க வேண்டும். பேட்டரியில் வருடக்கணக்கில் தூங்கி எழ வேண்டிய சென்சாருக்கு 2 மில்லிசெகண்டுக்கு ஒரு தடவை எழுவது முட்டாள்தனம், அங்கே ஈவன்ட் ட்ரிகர்தான் சரி. கரண்டில் ஓடுகிற, தப்பினால் நஷ்டம் வருகிற பெட்டிக்கு அட்டவணை என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

அட்டவணை போட்டுக் கோடும் எழுதியாகிவிட்டது என்றால், மாடல் சொன்னபடிதான் ஓடுகிறதா என்று பார்க்க, ஒவ்வொரு டாஸ்க்கும் தொடங்கும்போது ஒரு பின்னை உயர்த்தி முடியும்போது இறக்குங்கள். விலை குறைந்த லாஜிக் அனலைசர் ஒன்றில் அந்தப் பின்களைப் பார்த்தால் உங்கள் ஐம்பது வரி அட்டவணை திரையில் அப்படியே வர வேண்டும். ஒரு ஃப்ரேமின் வேலை முடிவதற்குள் அடுத்த டிக் வந்துவிட்டால் அதைச் சத்தமில்லாமல் விழுங்காமல் ஒரு கவுன்டரில் ஏற்றுங்கள், போர்டு ஃபீல்டுக்குப் போகும்போதும் அந்தக் கவுன்டரை எடுத்துவிடாதீர்கள். தினம் ஒரு தடவை போகும் நிலவர எஸ்.எம்.எஸ்ஸின் கடைசியில் அந்த எண்ணையும் சேர்த்து அனுப்பலாம், ஜிஎஸ்எம் துண்டில் அதற்கு இடம் இருக்கிறது.